நாத்தனார் முடிச்சும் க்யூஆர் அட்டையும்

சாம்பசிவனுக்கு அறுபது வயது நிறைந்த அன்று சேலையூர் பூமி ஓர் அங்குலம் கீழே இறங்கியது. அத்தனை பேர் வந்தார்கள், அத்தனை பேர் சாப்பிட்டார்கள். மண்டப வாசலில் நின்ற வண்டிகளின் வரிசை கேம்ப் ரோட்டில் வளைந்து, மேடவாக்கம் தாண்டி, கடலோரம் போய்க் காலை நனைத்துக்கொண்டது என்று சொல்வார்கள். கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். பாயசம் மறுபடி மறுபடி தீர்ந்துபோனதில் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவு கூட்டத்திலும் சாம்பசிவனின் கண் தேடியது ஒரே ஆளைத்தான். பொழிச்சலூரில் இருக்கும் அவருடைய அக்கா காந்திமதியை.

அக்கா சேலையூர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு போட்டோ. சாம்பசிவன் புதுமனை புகுந்தபோது எல்லோரையும் நிற்கவைத்துக் குடும்பப் படம் ஒன்று எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா பந்தியில் மோர் சாதத்தில் இருந்தாள். "காந்திமதி வரட்டுமே" என்று யாரோ சொன்னார்கள். "ராகு காலம் வந்துடும், எடுங்க" என்று சொல்லிவிட்டாள் சாம்பசிவனின் மனைவி அபிதகுஜாம்பாள். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் கேமராக்காரர் ஸ்டாண்டை மடக்கியிருந்தார். அன்றைக்குக் கிளம்பிப் போனவள்தான். கொஞ்ச நாளில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் விலகினாள். தம்பியோடு மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேச்சு. அபிதாவோடு அதுவும் இல்லை.

இத்தனைக்கும் அபிதா அந்நியம் இல்லை. சாம்பசிவனின் சொந்தத் தாய்மாமன் மகள். அக்காவும் அவளும் ஒன்றாகப் பாவாடை கட்டித் திரிந்தவர்கள். ஒரே தாத்தாவின் மூக்கு இரண்டு முகத்திலும் உட்கார்ந்திருந்தது. கோபம் வந்தால் இரண்டு மூக்கும் ஒரே மாதிரி சிவக்கும். சாம்பசிவன் இரண்டு சிவப்புக்கும் நடுவில் குடித்தனம் நடத்தியவர்.

இப்போது அக்கா மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணை மணவறைக்கு அழைத்துவர வேண்டியவர் தாய்மாமன். பத்திரிகையில் அவர் பேருக்கென்று ஓர் இடம் உண்டு. அந்த இடம் தனக்குக் கிடைக்குமா என்று சாம்பசிவன் ஒரு வருஷமாகத் தூக்கத்தில்கூட யோசித்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரர் குப்புராஜ் எப்படியோ பேசிச் சரிக்கட்டி, அறுபதாம் கல்யாணத்துக்கு அக்காவை அழைத்து வந்துவிட்டார்.

வந்தவள் முறையையும் செய்தாள். சாம்பசிவன் அபிதாவுக்கு மறுபடி தாலி கட்டி முதல் முடிச்சைப் போட, மிச்ச இரண்டையும் நாத்தனாராக அக்காதான் போட்டாள். அபிதாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடையை விட்டு இறங்கும்போது தம்பியை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நான் முடிச்சு போட்ட போட்டோ எனக்கு வேணும் சாம்பு. நாலு பேருக்கு அனுப்பணும். காந்திமதி வந்தா, முறையைச் செஞ்சான்னு தெரியட்டும்."

"கண்டிப்பா அக்கா. இந்தத் தடவை உன் போட்டோ உன் போனுக்கே வந்துடும். அப்படி ஏற்பாடு."

இந்த வாக்கைக் கொடுத்தபோது சாம்பசிவனுக்கு அந்த ஏற்பாடு என்னவென்று முக்கால்வாசி புரிந்திருக்கவில்லை. கால்வாசி புரிந்ததும் தப்பாகப் புரிந்திருந்தது.

ஏற்பாடு சவுரிமுத்துவுடையது. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் அவர் கேமராவுக்குச் சிரிக்காதவர்கள் இன்னும் பிறக்காதவர்கள் மட்டுமே. நிகழ்ச்சிக்கு முன்னால் வீட்டுக்கு வந்து ஒரு கட்டு அட்டைகளை மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை. நடுவில் கறுப்புக் கட்டங்கள், யாரோ கடுகை நிதானமில்லாமல் கொட்டிய மாதிரி.

"இது இன்னான்னு கேளுங்க சார். இனிமே ஆல்பத்தைத் தூக்கினு வூடு வூடா அலையற பேஜாரே கெடையாது. இந்தக் கார்டு மேல போனைக் காட்டுனா பக்கம் தொறக்கும். அதுல உங்க மூஞ்சியைக் காட்டுனா, நீங்க இருக்கற படம் மட்டும் பொலபொலன்னு வந்து வுழும்."

"என் மூஞ்சின்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அது மெஷினு சார். அதுக்கு அதான் வேலை."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? சந்தா கட்டிகீறேன் இல்ல."

தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு அட்டை போட்டுவிடும்படி சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அட்டைக் கட்டு அபிதாவின் கைக்குப் போனது.

அபிதா ஓர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மங்கள காரியத்துக்கு அச்சடிச்சதை மொட்டையாவா குடுக்கறது?" என்றாள். கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் அந்த வீட்டிலிருந்து ஒன்றுகூட வாசற்படி தாண்டியதில்லை. இதிலோ மூலையில் சதுரமாகக் கட்டம் வேறு போட்டிருந்தான் அச்சடித்தவன். மஞ்சள் வைக்கத்தான் இடம் விட்டிருக்கிறான் என்று அவள் முடிவு செய்ததில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று மூலையில் கட்டம் போட்டு நாலாவதை மறந்துவிட்டானே என்பதுதான் அவளுக்கு வருத்தம். "மூளியா இருக்குங்க" என்று சொல்லி, அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் தாராளமாகவே அப்பினாள். காலனிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, குழைத்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். அதன்மேல் குங்குமம். குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது சாம்பசிவனேதான்.

அன்றைக்குத் தாம்பரம் சுற்றுவட்டாரக் கடைகளில் மஞ்சள் தீர்ந்து, ஈரோட்டில் விலை ஏறியது.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை சாம்பசிவனின் போன் அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அட்டை வேலை செய்யவில்லை. சானடோரியத்திலிருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் மொட்டை மாடிகளில் ஜனங்கள் ஒரு கையில் அட்டையும் ஒரு கையில் போனுமாக வெளிச்சம் தேடி நின்றார்கள். மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானங்களில் இருந்தவர்கள், கீழே ஏதோ கிரகணம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

காலனிச் சங்கச் செயலாளர் ராகவேந்திரா மரியாதையாகக் கேட்டார். "சார், அது ஏதாவது யந்திரமா? வீட்ல பூஜை ரூம்ல வெச்சுட்டாங்க. தினம் சுத்தி வரணுமா, வெள்ளிக்கிழமை மட்டும் போதுமா?"

காட்டாங்குளத்தூரிலிருந்து பேசியவர் அட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாராம். மஞ்சள் போகவில்லை, கறுப்புதான் போயிற்றாம். இன்னொருவர் அட்டையில் ஒன்றும் வராததால் கூடவே இருந்த தேங்காயைப் போனில் காட்டிப் பார்த்திருந்தார்.

சாம்பசிவனும் தன் அட்டையைக் காட்டிப் பார்த்தார். போனில் ஒரு சின்னக் கட்டம் அட்டைமேல் அங்கும் இங்கும் அலைந்தது, செருப்பைத் தொலைத்தவன் கோயில் வாசலில் அலைகிற மாதிரி. ஒன்றும் திறக்கவில்லை. போனை மாற்றினார், கண்ணாடியை மாற்றினார், நாற்காலியை மாற்றினார். கடைசியில் சவுரிமுத்துவை வரச் சொன்னார்.

சவுரிமுத்து அட்டையைப் பார்த்தார். நகத்தால் மஞ்சளைச் சுரண்டினார். அபிதாவின் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா இது. அந்த மூணு கட்டந்தாம்மா அதுக்குக் கண்ணு. கண்ணுல மஞ்சளை அப்பிக்கீறீங்க."

"அப்ப நாலாவது?"

"நாலாவது கண்ணு கெடையாதும்மா அதுக்கு."

"மூணு கண்ணுன்னா சிவன்தானே. மஞ்சள் குங்குமம் வெச்சா என்ன தப்பு?"

சாம்பசிவனுக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் அவருடைய நெடுநாள் வியாதி.

வழி என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தின் முகவரியைச் சவுரிமுத்து போனிலேயே அனுப்ப, சாம்பசிவன் அதைக் குடும்பக் குரூப்பிலும் காலனிக் குரூப்பிலும் போட்டார். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் படங்கள் கொட்டின. ராகவேந்திராவுக்கு வந்ததில் பெரும்பாலும் அவர் வாயில் அப்பளம் இருந்தது. குப்புராஜுக்கு வந்ததுதான் அதிகம். அவர் தலையில் முடி கிடையாது. மெஷின் நிகழ்ச்சிக்கு வந்த வழுக்கைத் தலை அத்தனையையும் வாரி அவருக்கே கொடுத்துவிட்டது. மேளக்காரர், வாத்தியார், மண்டபத்து வாட்ச்மேன் எல்லோரும் அதில் இருந்தார்கள். குப்புராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவிக்கும் காட்டினார். அங்கேதான் வினை.

மறுநாள் காலையில் அக்கா பேசினாள். குரல் தணிவாக இருந்தது. தணிவாக இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

"சாம்பு. எல்லாருக்கும் வந்துடுச்சாமே."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அக்கா குரூப்பில் இல்லை. அவளிடம் இருப்பது அந்த அட்டை மட்டும்தான்.

"அக்கா, இப்பவே அனுப்பறேன். மஞ்சள் தடவினதுல என்னாச்சுன்னா..."

"மஞ்சள் தடவினதா. என் கார்டை வந்து பாரு. எல்லாருக்கும் பொட்டு, எனக்கு மட்டும் அடை தட்டி வெச்சிருக்கா. எனக்குப் படம் வரக் கூடாதுன்னே."

"இல்லக்கா, நீ பெரியவ, உனக்குக் கொஞ்சம் கூடத்தான் வெக்கணும்னு அவ..."

"இன்னிக்குச் சாயங்காலம் பத்திரிகைக்காரர் வர்றார். தாய்மாமன்ங்கற எடத்துல என்ன போடறதுன்னு கேப்பார். நான் யோசிச்சுட்டு இருக்கேன்."

போன் அணைந்தது. முகவரியை அனுப்பிவைத்தால் தீர்கிற விஷயம் இல்லை இது, நேரில்தான் போகவேண்டும் என்று மட்டும் சாம்பசிவனுக்குத் தெரிந்தது. சவுரிமுத்துவின் ஸ்கூட்டர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தை. அந்தக் கூட்டத்தில் ஸ்கூட்டர் நகர்ந்த வேகத்தில், வழியில் ஒரு முருங்கைப் பிஞ்சு முற்றிக் காயானதைச் சாம்பசிவன் கண்ணால் பார்த்தார். நின்ற இடத்திலேயே சவுரிமுத்து ஒரு ரோஜாச் செடியைப் பேரம் பேசி வாங்கிவிட்டார். வண்டி ஓட்டுகிறவர் கையில் செடி எப்படி இருக்கும்? சாம்பசிவன் மடிக்கு வந்தது. பம்மல் வழியாகப் பொழிச்சலூர் போய்ச் சேர்வதற்குள் முள் அவர் சட்டையோடு சொந்தம் கொண்டாடிவிட்டது.

கதவைத் திறந்த அக்கா தம்பியின் கையில் செடியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்கு" என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். சவுரிமுத்து வாயைத் திறந்தார். சாம்பசிவன் அவர் காலை மிதித்தார்.

கூடத்தில் குப்புராஜ் தன் படங்களை எத்தனையாவது தடவையாகவோ பார்த்துக்கொண்டிருந்தார். "வா மச்சான். இந்த வாட்ச்மேன் என்னை மாதிரியே இருக்கான் பாரேன்" என்றார். அக்கா பார்த்த பார்வையில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சவுரிமுத்து அக்காவின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

"சிரிக்கற மாதிரியா வெச்சிருக்கீங்க."

போனில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு படங்கள் வந்து விழ ஆரம்பித்தன, சவுரிமுத்து சொன்ன மாதிரியே பொலபொலவென்று.

முதல் படத்தில் அபிதா, கலசத் தண்ணீரில் நனைந்து. அடுத்ததில் அபிதா, மாலையோடு. அதற்கடுத்ததில் அபிதா யாருக்கோ விபூதி பூசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒன்றில் ஈரத்துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு சாம்பசிவனே இருந்தார். அதையும் மெஷின் ஒரு பெண்மணி என்று எடுத்துக்கொண்டிருந்தது. மறுபடி அபிதா.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் வீட்டுக்கு மேலே வந்தது. பொழிச்சலூரில் விமானம் போகும்போது யாரும் பேச மாட்டார்கள், பேசிப் பிரயோஜனமில்லை. அக்கா வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள். சாம்பசிவன் பயத்தோடு காத்திருந்தார். கூரையைத் தொட்டுவிட்டுப் போவது போல அது போய் முடிந்தது.

"இது யாரோட ஆல்பம்?" என்றாள்.

"உங்களோடதாம்மா" என்றார் சவுரிமுத்து.

"இதுல இருக்கறது யாரு?"

சவுரிமுத்து குனிந்து படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நீங்கதானே?"

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று போனதாகச் சாம்பசிவனுக்குத் தோன்றியது. நிலைமையைக் காப்பாற்ற அவர் போனை வாங்கிப் பரபரவென்று தள்ளினார். "இதோ அக்கா. இது நீதான். பூக்கூடையோட நிக்கறே பாரு."

"அது உன் பொண்டாட்டி."

உற்றுப் பார்த்தார். பொண்டாட்டிதான். முப்பது வருஷத்துக்கு மேல் எதிரே உட்கார்ந்து காபி குடித்த முகம். பக்கவாட்டில் பார்த்ததில், அதுவும் அந்த மூக்கைப் பார்த்ததில், தடுமாறிவிட்டார். இதைச் சேலையூரில் யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வேறு ஒரு கவலை அப்போதே முளைத்தது.

அக்காவைக் கண்ணாடி இல்லாமல் காட்டச் சொன்னார்கள். ஜன்னல் பக்கம் நிற்கச் சொன்னார்கள். குப்புராஜ் டார்ச் அடித்தார். ஒவ்வொரு தடவையும் வட்டம் சுற்றி, ஒவ்வொரு தடவையும் அபிதாவே வந்தாள். போகப் போக அபிதாவின் சிரிப்பு அகலமாகிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது.

"மெஷினு உங்களை அந்தம்மான்னு நெனச்சிகினு கீது" என்றார் சவுரிமுத்து. "ரெண்டு பேரும் ஒரே ஜாடை. நானே இப்பத்தான் பாக்கறேன்."

"நானும் அவளும் ஒரே ஜாடையா."

சவுரிமுத்து பின்னால் நகர்ந்து நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

அக்கா கத்தவில்லை. உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னிக்குப் பிரேமுக்குள்ள நான் இல்ல. இன்னிக்கு மெஷினுக்குள்ளயும் இல்ல. வந்தேன், நின்னேன், முடிச்சு போட்டேன். எங்கயும் பதியல. நாளைக்கு யாராவது கேட்டா நான் எதைக் காட்டுவேன் சாம்பு? பத்திரிகைக்காரர்கிட்ட அந்த எடத்தை வெறுமையா விடச் சொல்லிடறேன். அவ வீட்டு விசேஷத்துல நான் இல்லாத மாதிரி, என் வீட்டு விசேஷத்துல நீங்க இல்லாம இருந்துக்கலாம்."

சாம்பசிவன் ஏதேதோ சொன்னார். மெஷின் என்றார், மூக்கு என்றார், தாத்தா என்றார். எந்த வாக்கியமும் முடியவில்லை. விஷ்ணுப்ரியாவைச் சின்னக் குழந்தையாகத் தோளில் தூக்கித் திரிந்தது ஞாபகம் வந்து, சொன்னால் அழுதுவிடுவோம் என்று அதைச் சொல்லவில்லை.

அக்கா போனைக் கையில் எடுத்து, கணக்குத் தீர்க்கிறவள் போல ஒவ்வொரு படமாகத் தள்ளினாள்.

"இது அவ. இது அவ. இதுவும் அவ. தாம்பாளத்தோட அவ. இது அவ..."

விரல் நின்றது.

சாம்பசிவன் எட்டிப் பார்த்தார். முடிச்சுப் படம். நடுவில் அபிதா, தலை குனிந்து, கண் மூடி. அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய மாலை, அது மறைத்ததில் நிற்கிறவளின் முகம் தெரியவில்லை. தெரிந்தது இரண்டு கைகள் மட்டும். பிடரியில் மஞ்சள் சரட்டை இழுத்துப் பிடித்திருந்த கைகள். கெம்புக்கல் வளையல்.

"இது என் கை" என்றாள் அக்கா.

"ஆமாம்மா" என்றார் சவுரிமுத்து, பத்திரமான தூரத்திலிருந்து. "இதுல உங்க மூஞ்சியே கெடையாது. மெஷினு உங்க மூஞ்சியைச் சரியாப் புடிச்சிருந்தா இந்தப் படம் உங்களுக்கு வந்தே இருக்காது. அந்தம்மா மூஞ்சின்னு தேடனதாலதான் வந்துகீது."

அப்படியானால் மெஷின் செய்தது தப்பா சரியா என்று சாம்பசிவன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அது வழுக்கிக்கொண்டே போனது.

அக்கா அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வளையலைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். படத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள்.

"இது யார் கை?"

கீழே இன்னொரு கை இருந்தது. உட்கார்ந்திருந்த அபிதாவின் இடது கை. முன்னால் கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டிய கை, பின்பக்கமாகத் திரும்பி, மாம்பழ நிறப் பட்டு முந்தானை ஒன்றைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"என் முந்தானையை எதுக்குப் பிடிச்சிருக்கா? இழுக்கறாளா?"

குப்புராஜ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "அந்தப் பக்கம் என்ன வெளிச்சம்?" என்றார்.

அக்கா இன்னும் பெரிதாக்கினாள். குத்துவிளக்கு. ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. முந்தானைக்கும் சுடருக்கும் நடுவில் இருந்தது அபிதாவின் கை மட்டும்தான்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அவளுக்குப் போன் போடு" என்றாள் அக்கா.

சாம்பசிவன் தன் போனில் வீட்டைக் கூப்பிட்டார். அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானும் அழுந்திவிட்டது.

"என்னங்க, அண்ணி என்ன சொல்றாங்க? ரொம்பக் கத்தறாங்களா?"

"அண்ணிதான் பேசறேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று முழுசாக அடித்து ஓய்ந்தது.

"சொல்லுங்க அண்ணி."

"என் முந்தானையை எதுக்குப் பிடிச்சே?"

"எந்த முந்தானையை?"

"முடிச்சு போடறப்ப. மாம்பழக் கலர்."

"ஓ, அதுவா. வெளக்குல விழப் போச்சு அண்ணி. நீங்க முடிச்சையே பாத்துட்டு இருந்தீங்க. சொன்னா கையை எடுத்துடுவீங்க, முடிச்சு பாதியில நின்னுடும். அதான் பிடிச்சுக்கிட்டேன்."

"கை சுடலையா?"

"லேசா. மருதாணியில தெரியல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க எங்க அண்ணி என்கிட்ட பேசினீங்க?"

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது சிவந்திருந்தது. கோபத்தில் சிவந்ததா, வேறு எதிலாவதா என்று இத்தனை வருஷ அனுபவத்திலும் சாம்பசிவனால் சொல்ல முடியவில்லை.

"நல்லாப் பிடிச்சே. அந்த எடம் சுருங்கிப் போய்க் கெடக்கு. பந்தியில யாரோ மிதிச்சுட்டாங்கன்னு நான் நெனச்சுட்டு இருக்கேன். அயர்ன் பண்ணாலும் போகல."

"எரிஞ்சிருந்தா தேவலையா?"

"அதுக்குன்னு இப்படியா கசக்குவாங்க, துணி தொவைக்கற மாதிரி."

"நீங்க போட்ட முடிச்சு மட்டும் என்னவாம்? மூக்கணாங்கயிறு மாதிரி இறுக்கிட்டீங்க. இன்னும் கழுத்தைத் திருப்ப முடியல. ரோட்டை க்ராஸ் பண்ணணும்னா முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கு."

"நாத்தனார் முடிச்சு அப்படித்தான் இருக்கும். போயி எண்ணெய் தடவு."

சாம்பசிவன் குப்புராஜைப் பார்த்தார். சண்டையா இது? சமாதானமா? குப்புராஜ் உதட்டைப் பிதுக்கினார். சவுரிமுத்து வாசல் பக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்று மெதுவாக ஆரம்பித்தார் சாம்பசிவன். "பத்திரிகையில..."

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசிட்டு இருக்கோம் இல்ல?" என்று சொல்லிவிட்டு அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஏய் அபிதா. தாய்மாமன் பேரு தனியா நின்னா நல்லா இருக்காது. உன் பேரையும் சேத்துத்தான் போடணும். அபிதான்னு போட்டாப் போதுமில்ல? முழுசாப் போட்டா ஒரு வரியையே பிடிச்சுக்கும்."

"முழுசாத்தான் போடணும் அண்ணி. அபிதான்னா யாருக்குத் தெரியும்?"

"மாப்பிள்ளை வீட்டுப் பேரைவிட நீளமா இருக்குடி."

"எழுத்தைப் பொடியாப் போடச் சொல்லுங்க. ஆனா அவர் பேரு பொடியா இருக்கட்டும். என் பேரு சரியா இருக்கட்டும்."

அக்கா சிரித்தாள். அபிதாவும் சிரிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. எது யார் சிரிப்பு என்று தெரியவில்லை. பிறகு பேச்சு, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க எங்கே போவது என்பதில் இறங்கியது. அதில் உடனே கருத்து வேறுபாடும் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச, இரண்டு பேருக்கும் அது நன்றாகவே கேட்டது போலிருந்தது.

குப்புராஜ் எழுந்து காபி போட உள்ளே போனார். போகிற வழியில் சாம்பசிவனின் காதருகே குனிந்தார்.

"இது இப்ப முடியாது மச்சான். உன் போன்ல சார்ஜ் இருக்கா?"

சாம்பசிவன் எட்டிப் பார்த்தார். கோடு சிவப்பாக இருந்தது. பேச்சு நடுவில் அறுந்தால் என்ன ஆகுமோ என்று பதறி எழுந்து, டீவிக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், அலமாரிமேல் என்று அக்கா வீடு முழுக்கச் சார்ஜர் தேட ஆரம்பித்தார்.